தபால் தடமா, சீதாதேவி தடமா, போர்க்கால ஓடுதளங்களா? சிமுலேட்டரில் பழைய விமான நிலையங்களைத் தேடிப் பறப்போருக்கு ஓர் ஒப்பீடு

வீட்டு மேசையில் ஜாய்ஸ்டிக்கைப் பொருத்தி ஃப்ளைட் சிமுலேட்டரில் பறக்கத் தொடங்குபவருக்கு முதல் சில மாதங்கள் ஏறவும் இறங்கவும் கற்பதிலேயே கழிந்துவிடும். கை பழகிய பிறகு, எப்படிப் பறப்பது என்பதைவிட எங்கே பறப்பது என்பதுதான் பெரிய கேள்வியாக வந்து நிற்கும். பழைய விமான நிலையங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்லும் நெடும்பயணம் ஒன்றைப் பலரும் அப்போதுதான் திட்டமிடுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. நம் பக்கத்து வான்வரலாற்றிலிருந்து மூன்று தடங்களை எடுத்துக்கொண்டு, இரண்டை முழுமையாகவும் ஒன்றைப் பாதியளவும் பறந்து பார்த்தேன். மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் ஒதுக்க முடிந்தவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை இங்கே எடுத்துப் பார்க்கிறேன்.

தடங்களுக்குள் போவதற்கு முன், அவற்றை எதைக் கொண்டு அளப்பது என்று சொல்லிவிட வேண்டும். நான் முதலில் செய்த தவறு, விமான நிலையத்தின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுத்ததுதான். சிமுலேட்டர் காட்டுவது இன்றைய உலகம். அதில் மீனம்பாக்கம் என்று தேடினால் கிடைப்பது கண்ணாடிச் சுவர்களுடன் கூடிய இன்றைய சென்னை விமான நிலையமே அன்றி, பரங்கிமலை அடிவாரத்து மண்தளம் அல்ல. லண்டனின் பழைய நுழைவாயிலான குராய்டன் 1959இல் மூடப்பட்டுவிட்டது; அங்கே போய்ச் சுற்றினால் வீடுகளும் பூங்காவும்தான் கண்ணில் படும். சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மீக்ஸ் ஃபீல்டு இதற்கு ஒரு விதிவிலக்கு. 2003 மார்ச் இறுதியில் ஓர் இரவோடு இரவாக நகர நிர்வாகம் புல்டோசர்களை விட்டு அதன் ஓடுபாதையைக் கிளறிப் போட்டது. ஆனால் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் பழைய பதிப்புகளில் பயணம் தொடங்கும் இடமே அதுவாக இருந்ததால், 2022இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் அதை மீண்டும் வைத்தார்கள். இத்தகைய பரிவு, நாம் பறக்கப்போகும் பெல்லாரிக்கோ கொழும்பை அடுத்த இரத்மலானைக்கோ கிடைக்கவில்லை.

ஆகவே கட்டடத்தில் வரலாற்றைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மாறாமல் இருப்பவை வேறு: இரு தளங்களுக்கு இடையிலான தொலைவு, அந்தத் தொலைவுக்கு ஒரு சிறு விமானம் குடிக்கும் எரிபொருள், நடுவில் கிடக்கும் மலையும் ஆறும் கடலும், சூரியன் மறையும் நேரம். 1932இல் ஒரு விமானியைக் கவலைப்பட வைத்த அதே கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. எந்தத் தடம் இந்தக் கணக்கை நம்மையே போட வைக்கிறதோ அதுவே நல்ல தடம் என்பது என் அளவுகோல்.

முதல் தடம்: கராச்சி முதல் சென்னை வரை

1932 அக்டோபர் 15 அன்று காலை, கராச்சியின் டிரிக் ரோடு தளத்திலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு டி ஹாவிலண்ட் பஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையுடன் கிளம்பினார். அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு பம்பாயின் ஜூஹு தளத்தில் இறங்கினார். அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் கராச்சி வரை கொண்டுவந்த தபாலை இந்தியாவின் உள்ளே எடுத்துச் செல்வதுதான் சேவையின் நோக்கம். ஜூஹுவிலிருந்து அதைத் தெற்கே கொண்டு சென்றவர், முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை வீரரான நெவில் வின்சென்ட். அவர் பெல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

வரைபடத்தில் அளந்தால் கராச்சி–அகமதாபாத் சுமார் 320 கடல் மைல், அகமதாபாத்–ஜூஹு 240, ஜூஹு–பெல்லாரி 330, பெல்லாரி–சென்னை 230. மொத்தம் ஏறக்குறைய 1,120 கடல் மைல், அதாவது 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் போனால் காற்றே இல்லாத நாளிலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தத் தடத்தின் கனமும் குறையும் இந்த ஒரு எண்ணிலேயே அடங்கியிருக்கின்றன. நான்கு வார இறுதிகள் கையில் இல்லாதவர் இதைத் தொட வேண்டாம்.

எந்த விமானத்தில் போவது என்பதில் ஒரு சங்கடம் உண்டு. பிரபல சிமுலேட்டர்களுடன் கூடவே வரும் விமானங்களில் பஸ் மாத் இல்லை. அதன் எஞ்சின் ஏறக்குறைய 120 குதிரைத்திறன். நிதானமாகப் போகும்போது 85 நாட் அளவில் பறக்கும். சக்தியில் அதற்கு மிக அருகில் வருவது 110 குதிரைத்திறன் கொண்ட செஸ்னா 152. வால்சக்கரத்துக்குப் பதில் மூக்குச் சக்கரம் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாதுதான். ஆனால் எரிபொருள் கணக்கு பொருந்துகிறது, அதுதான் இங்கே முக்கியம். சாதாரண டாங்கியில் பயன்படுத்தத்தக்க எரிபொருள் சுமார் 93 லிட்டர். மணிக்கு 22, 23 லிட்டர் செலவாகும் என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரம் பறக்கலாம். 100 நாட் வேகத்தில் அது 400 கடல் மைல். எதிர்க்காற்று 15 நாட் வீசினால் அதுவே 340 ஆகச் சுருங்கிவிடும். அகமதாபாத்தோ 320இல் இருக்கிறது. இந்த 20 கடல் மைல் இடைவெளியை வைத்துக்கொண்டு கட்ச் பகுதியின் ரான் உப்புவெளியின் மேல் பறக்கும்போதுதான், மாட்டுவண்டியில் வந்த பெட்ரோல் டின் எவ்வளவு பெரிய விஷயம் என்பது உறைக்கிறது. நம்பிக்கை குறைவாக உள்ளவர்கள் வழியில் புஜ்ஜில் இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். 1971 போரில் குண்டுவீச்சில் சிதைந்த அந்த ஓடுபாதையை மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் மூன்றே நாளில் செப்பனிட்டுத் தந்தார்கள் என்பதால், அதுவும் வரலாற்றுக்கு வெளியே உள்ள இடமல்ல.

இந்த முதல் கட்டத்துக்கு இன்னொரு தனிச் சிறப்பு உண்டு. 1947க்குப் பிறகு கராச்சிக்கும் அகமதாபாத்துக்கும் நடுவே ஓர் எல்லை விழுந்துவிட்டது. ஜே.ஆர்.டி. டாட்டாவே 1962இலும், பிறகு 78 வயதில் 1982இலும், இதே பயணத்தை ஒரு லெப்பர்டு மாத் விமானத்தில் திரும்பவும் பறந்து காட்டினார். ஆனால் 2021இல் விமானி ஆரோஹி பண்டிட் அதை நினைவுகூர்ந்து பறந்தபோது, பயணம் கராச்சியில் அல்லாமல் புஜ்ஜில்தான் தொடங்கியது. இன்று ஒரு சிறு விமானத்தை வைத்திருப்பவருக்கு எளிதில் வாய்க்காத அந்த 320 கடல் மைலைச் சிமுலேட்டர் எந்தக் கேள்வியும் கேட்காமல் தருகிறது. டிரிக் ரோடு இன்று பாகிஸ்தான் விமானப்படையின் ஃபைசல் தளம். நிஜத்தில் வாசலைக்கூட எட்டிப் பார்க்க முடியாத இடத்தின் ஓடுபாதை முனையில், காப்பிக் கோப்பையுடன் அமர்ந்து எஞ்சினைச் சூடாக்குவது விசித்திரமான அனுபவம்தான்.

ரான் பகுதியில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிலப்பரப்பின் படங்களை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டு ஓடும் சிமுலேட்டரில் பறந்துகொண்டிருந்தேன். கீழே வெள்ளை, மேலே வெளிறிய நீலம், நடுவே கோடு என்று எதுவும் இல்லை. பத்து நிமிடங்களுக்கும் மேலாக அதே காட்சி. சிறிய ரானின் கிழக்கு ஓரம் வந்து வயல்கள் தொடங்க வேண்டிய இடத்திலும் வயல்கள் வராதபோதுதான், வீட்டு இணைய இணைப்பு எப்போதோ அறுந்துவிட்டது என்று தெரிந்தது. வேறு எந்த நிலத்தின் மேல் பறந்திருந்தாலும் உடனே கண்டுபிடித்திருப்பேன். திசைகாட்டியையும் கடிகாரத்தையும் மட்டும் நம்பி வந்ததால் விமானம் என்னவோ சரியான இடத்தில்தான் இருந்தது.

அகமதாபாத்துக்குத் தெற்கே வேலை எளிது. மாஹி, நர்மதை, தபதி என்று ஆறுகள் வரிசையாக வந்து கணக்குச் சொல்லும். ரயில் பாதையும் கடற்கரையும் துணைக்கு இருக்கும். ஜூஹுவில் மட்டும் கவனம் வேண்டும், ஏனெனில் பக்கத்திலேயே சாந்தாகுரூஸின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய அதே திசையில் கிடக்கிறது. சிமுலேட்டரில் இதைக் குழப்பிக்கொள்பவர் வெட்கப்படத் தேவையில்லை. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானமே, பெரிய விமான நிலையம் என்று நினைத்து ஜூஹுவின் சிறிய ஓடுபாதையில் இறங்கி, அதன் முடிவையும் தாண்டிப் போய் நின்றது.

ஜூஹு–பெல்லாரி கட்டத்தைத்தான் நான் இந்தத் தடத்தின் இதயம் என்பேன். பம்பாயை விட்டதும் மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக எழும். செஸ்னா 152 மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதற்குள் மலை வந்துவிடும் என்பதால், கடலின் மேல் ஒரு வட்டம் அடித்து உயரம் சேர்த்துக்கொண்டு போவது நல்லது. மலைக்கு அப்பால் தக்காணம் வறண்டு விரிகிறது. அடையாளம் சொல்ல பீமாவும் கிருஷ்ணாவும் மட்டுமே. நான் தேதியை அக்டோபர் 15 என்றும் நேரத்தைப் பிற்பகல் இரண்டரை மணி என்றும் வைத்துக் கிளம்பினேன். மூன்றரை மணி நேரத்துக்குப் பின், மேற்கே வலப்பக்கத்தில் துங்கபத்திரை அணையின் நீர்ப்பரப்பு செம்பாகப் பளபளத்தது. அடிவானத்தில் சூரியன் இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. பெல்லாரியின் பாறைக்குன்றுகளின் நிழல்கள் ஒவ்வொன்றும் ஒரு பர்லாங் நீளத்துக்குக் கிழக்கே சாய்ந்து கிடந்தன. அந்த நிழல்களில் எது ஓடுபாதை, எது சாலை என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு முறை தாழ்ந்து சுற்றி, மூன்றாம் முறை விளக்கில்லாத தளத்தில் இறங்கினேன். இறங்கி எஞ்சினை நிறுத்தியபோது திரை ஏறக்குறைய இருட்டாகியிருந்தது. வின்சென்ட் ஏன் இங்கே இரவு தங்கினார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு திருத்தத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். துங்கபத்திரை அணை 1953இல்தான் முடிந்தது. 1932இல் அந்த நீர்ப்பரப்பே கிடையாது. மறுநாள் கட்டத்திலும் இதே சிக்கல். பெல்லாரியிலிருந்து சென்னைக்கு நேர்க்கோடு போட்டால், அது திருப்பதிக்குச் சற்றுத் தெற்கே மலைகளைத் தாண்டிப் பூண்டி ஏரியின் தலைமேலேயே வந்து நிற்கிறது. பூண்டி 1944ஆம் ஆண்டின் நீர்த்தேக்கம். அதைப் பார்த்து வழி கண்டுகொள்வது ஒரு வகையில் தேர்வில் பார்த்து எழுதுவதைப் போன்றது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தக் குறை இல்லை, அது பழையது. அதை வலப்புறம் விட்டுவிட்டு வந்தால், சென்னையின் இரண்டாவது ஓடுபாதையான 12 (எண் குறிப்பது அதன் திசையை, ஏறக்குறைய 120 பாகை) ஏறக்குறைய நேர் எதிரே விரிகிறது. பெல்லாரியிலிருந்து வரும் கோடும் அந்த ஓடுபாதையும் ஒரே திசையில் அமைந்திருப்பது தற்செயல்தான், ஆனாலும் பதினோரு மணி நேரப் பயணத்தின் முடிவில் அது ஒரு பரிசு.

இரண்டாம் தடம்: இரத்மலானை, பலாலி, சென்னை

1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியது. டகோட்டா எனப்படும் டிசி-3 விமானம் கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கிப் பின் சென்னைக்கு வந்தது. நிறுவனத்திடம் இருந்த மூன்று டகோட்டாக்களுக்கும் தேவியரின் பெயர்கள். முதல் பயணம் சென்றதற்குச் சீதாதேவி என்று பெயர். சீதை இலங்கையிலிருந்து கடல் தாண்டி வடக்கே வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் அதை நினைத்தார்களோ இல்லையோ, ஓட்டுபவருக்கு நினைவு வராமல் போகாது.

இரத்மலானைக்கும் சென்னைக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. 1935 நவம்பர் 27 அன்று அந்தத் தளத்தில் முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னை ஃப்ளையிங் கிளப்பைச் சேர்ந்த ஒரு பஸ் மாத். ஓட்டி வந்தவர் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையும் குறியாக இருந்தது. நகரத்தின் குதிரைப் பந்தயத் திடலில் இன்னொரு ஓடுதளம் இருப்பது வந்தவர்களுக்குத் தெரியாது. பலாலியும் அந்தப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம்தான். ஆக, ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்கும் தடத்தில் தபால் காலம், போர்க்காலம், இந்திய விடுதலைக்குப் பிந்தைய பயணிகள் சேவை ஆகிய மூன்றும் வந்துவிடுகின்றன. முதல் தடத்தில் இந்த நெருக்கம் இல்லை.

தொலைவு குறைவு. இரத்மலானை–பலாலி சுமார் 180 கடல் மைல், பலாலி–சென்னை 190. டிசி-3 விமானத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். இங்கே முதல் தடத்துக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு: வரலாற்றில் பறந்த அதே வகை விமானமே கிடைக்கிறது. மைக்ரோசாஃப்டின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் டிசி-3 இருக்கிறது. இலவச சிமுலேட்டரான ஃப்ளைட்கியரிலும் இருக்கிறது. விமானமும் தடமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதன் இன்பத்தை ஓட்டிப் பார்த்தால்தான் அறியலாம்.

ஆனால் டிசி-3 சிறு விமானத்தைப் போல் பணிந்து போகாது. இரத்மலானையின் 04 ஓடுபாதை முனையில் நிறுத்தி, வால்சக்கரத்தைப் பூட்டிவிட்டு, இரண்டு எஞ்சின்களுக்கும் மெல்லச் சக்தி கொடுக்க வேண்டும். மூக்கு வானத்தைப் பார்த்து நிற்பதால் முன்னே ஓடுபாதை தெரியாது. பக்கவாட்டில் ஓடும் புல்வரம்பைப் பார்த்துத்தான் நேர் பிடிக்க வேண்டும். வேகம் ஏற ஏற விமானம் இடப்பக்கம் இழுக்கும். வலது பாதத்தால் மெதுவாக அழுத்திச் சமன் செய்யும்போது ஒரு கணம் தாமதித்தாலும் விமானம் ஓடுபாதையை விட்டு இறங்கிவிடும். நான் நான்கு முறை புல்லில் போய் நின்றேன். ஐந்தாம் முறை வால் எழுந்தது, கண்ணாடிக்கு முன்னே ஓடுபாதை முழுவதும் விரிந்தது, அதன் பின் எல்லாம் தானாக நடந்தது. பாத மிதி இல்லாமல், ஜாய்ஸ்டிக்கைத் திருகி மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இந்தக் கட்டம் பொறுமையைச் சோதிக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மேலே போன பிறகு வழி கண்டுபிடிப்பது சுலபமானாலும் சலிப்பில்லை. நீர்கொழும்பு வாவி, புத்தளம் களப்பு, வில்பத்துக் காடு, பின்னர் மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் என்று இடப்புறச் சன்னலில் ஒன்று மாறி ஒன்று வரும். தெளிந்த நாளில் மன்னார்த் தீவின் முனையும் இராமர் பாலத்தின் மணல் திட்டுகளும் தெரியும். இந்தக் குளங்களில் பெரும்பாலானவை எந்த விமானத்துக்கும் பல நூற்றாண்டுகள் மூத்தவை என்பதால், பூண்டி ஏரியில் எனக்கு வந்த குற்றவுணர்வு இங்கே வரவில்லை. யாழ்ப்பாணக் களப்பைக் கடந்ததும் பலாலி. அதைச் சுற்றியுள்ள ஊர்கள் நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. தம் வீட்டு முற்றத்தை மிதிக்க முடியாமல் இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நிலத்தின் மேல் எவர் அனுமதியும் இல்லாமல் வட்டமிட்டு இறங்குவது விளையாட்டாக மட்டும் தோன்றவில்லை. 2019 அக்டோபரில் அது யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது முதலில் வந்து இறங்கியது சென்னையிலிருந்து சென்ற விமானம்தான். ஏர் சிலோனின் பழைய தடத்தின் வடபாதி அன்று மீண்டும் திறந்தது.

பலாலியிலிருந்து வடக்கே ஏறினால் முப்பது கடல் மைலுக்குள் கோடியக்கரை இடப்புறம் வரும். நேர்க்கோட்டில் போனால் நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரி எல்லாம் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கரைக்கோடாக மட்டுமே தெரியும். கரையை ஒட்டிப் போவதா, கடலின் மேல் நேராகப் போவதா என்பது உங்கள் விருப்பம். நான் கரையை ஒட்டிப் போனேன், பத்து நிமிடம் கூடுதலாக ஆனது.

மூன்றாம் தடம்: தமிழ்நாட்டின் போர்க்கால ஓடுதளங்கள்

1942இல் பர்மா வீழ்ந்து, அந்தமான் ஜப்பானியர் கைக்குப் போய், சென்னை மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய நாட்களை ஒட்டி, தென்னிந்தியாவில் பல ஓடுதளங்கள் வேகமாக எழும்பின. தாம்பரம், அரக்கோணம், சோழவரம், வேலூர், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, சூலூர், கயத்தாறு என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றின் பிற்கால வாழ்க்கைதான் சுவையானது. அரக்கோணம் 1992இல் கடற்படைத் தளமாகி, நான்கு கிலோமீட்டருக்கும் நீண்ட ஓடுபாதையைப் பெற்றது. சோழவரத்தில் விமானங்கள் போன பிறகு கார்ப் பந்தயங்கள் நடந்தன. மற்றவற்றில் சில கான்கிரீட் தழும்புகளாக வயல்களுக்கு நடுவே கிடக்கின்றன.

தாம்பரத்தில் தொடங்கி அரக்கோணம், வேலூர், உளுந்தூர்பேட்டை, திருச்சி, செட்டிநாடு, மதுரை வழியாகக் கயத்தாறு வரை போனால் சுமார் 350 கடல் மைல். கட்டங்கள் குட்டையானவை; பெரும்பாலும் அரை மணிக்கும் முக்கால் மணிக்கும் இடைப்பட்டவை. படித்துப் பார்க்கையில் மூன்றிலும் கவர்ச்சியானது இதுதான். பறந்து பார்க்கையில் பாதியில் விட்டதும் இதைத்தான்.

காரணம், சிமுலேட்டரின் பட்டியலில் இல்லாத தளம் அதற்கு வெறும் நிலம். உளுந்தூர்பேட்டையில் செயற்கைக்கோள் படத்தில் ஓடுதளத்தின் வடிவம் தெரிகிறது. ஆனால் அது படமாக மட்டும்தான் இருக்கிறது. சிமுலேட்டர் தன் போக்கில் நட்டுவைக்கும் மரங்கள் நடு ஓடுதளத்திலும் நிற்கும். இதைச் சரிசெய்ய வழி உண்டு. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் வேர்ல்டு எடிட்டர் மென்பொருளில் ஓடுபாதையை நாமே வரைந்து சேர்த்துவிடலாம். அப்படி வரைவதில் இன்பம் காண்பவர்களுக்கு இந்தத் தடத்தை மனமாரப் பரிந்துரைப்பேன். ஆனால் அது பறப்பவரின் வேலையல்ல, கொத்தனாரின் வேலை. அதற்கான பொறுமை என்னிடம் இல்லை.

எந்தச் சிமுலேட்டரில்?

தடத்தைப் பொறுத்தே இதற்கும் விடை. கண்ணால் பார்த்து வழி கண்டுபிடிக்கும் பயணத்துக்கு நிலத்தின் படம் உண்மையாக இருக்க வேண்டும். அதில் மைக்ரோசாஃப்டின் 2020, 2024 பதிப்புகளை மற்றவை எட்டவில்லை. கட்டுக்கரைக்குளத்தின் கரை வளைவுவரை தெரிகிறது. விலை, நல்ல கணினி, அறாத இணையம் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். 2024 பதிப்பு இணையத்தை முன்னதைவிட அதிகமாகவே நம்பியிருக்கிறது. எக்ஸ்-பிளேன் 12 நிலப்பரப்பை முன்கூட்டியே கணினியில் இறக்கி வைத்துக்கொள்வதால் இணையம் அறுந்தாலும் கவலையில்லை. ஆனால் அதில் வரும் தக்காணம், ஆறுகளும் சாலைகளும் இடம் மாறாமல் இருந்தாலும், பொதுவான வண்ணம் பூசிய தக்காணம். பணம் செலவழிக்க விரும்பாதவருக்கு ஃப்ளைட்கியர் போதும். காட்சி எளியது, ஆனால் திசைகாட்டியும் கடிகாரமும் அதிலும் சரியாகவே ஓடுகின்றன. பெரும் கடற்பரப்பும் கரைக்கோடும் கொண்ட இரண்டாம் தடத்துக்கு அந்த எளிய காட்சியே பெரும்பாலும் தாங்கும். முதல் தடத்துக்குத் தாங்காது.

எதுவானாலும் ஜிபிஎஸ் திரையை அணைத்துவிட வேண்டும். அதை எரியவிட்டுப் போவதானால் இந்தத் தடங்களைத் தேடி எடுப்பதற்கே பொருளில்லை. ஆட்டோபைலட்டைப் பற்றி அவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டேன். மூன்றரை மணி நேரம் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் மணிக்கட்டு வலிக்கும்.

என் தேர்வு

மூன்றில் ஒன்றுதான் என்றால், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இரண்டாம் தடம். அசல் விமானம் கிடைக்கிறது, ஒரு மாலையில் முடிகிறது, எளிய கணினியிலும் ஓடுகிறது, அடையாளங்கள் அந்தக் காலத்தவையாகவே இருக்கின்றன. அதன் ஒரே குறை, எரிபொருளைப் பற்றி டிசி-3 நம்மை ஒருபோதும் பதற வைக்காது என்பது. என் அளவுகோலின்படி அது சிறிய குறை அல்ல. கணக்கைத் தானே போட்டு, அது சரியா தவறா என்று வயிற்றில் ஒரு கலக்கத்துடன் ஒரு மணி நேரம் காத்திருக்க விரும்புபவர் முதல் தடத்துக்குத்தான் போக வேண்டும். அதிலும் முழுத் தடத்துக்கு நேரம் இல்லையென்றால் ஜூஹு–பெல்லாரி–சென்னை மட்டும் போதும், இரண்டு வார இறுதிகள். நான் இனி ஒருமுறை பறப்பதானால் அந்தப் பாதியைத்தான் பறப்பேன். மூன்றாவதைத் தளங்களை வரைய முன்வருபவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் தடத்தை எடுப்பவர்கள் தேதியை டிசம்பர் 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். சிமுலேட்டரின் வானிலைப் பகுதியில் காற்றை வடகிழக்கிலிருந்து 15 நாட் என்றும், மேகத்தின் அடிமட்டத்தை மூவாயிரம் அடி என்றும் நீங்களே இட்டுவிடுங்கள். எதிர்க்காற்றில் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும். பலாலியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் மூன்றேகால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். சென்னையில் அந்தக் காற்றுக்கு ஏற்ற ஓடுபாதை 07. மூன்றரை கிலோமீட்டருக்கும் நீளமான அந்த ஓடுபாதையில் சீதாதேவி கால்வாசி தூரத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து பழைய முனையம் இருந்த பக்கத்துக்கு உருட்டிக்கொண்டு போக, வால்சக்கரத்தின் பூட்டைத் திறக்க மறந்துவிடாதீர்கள்.